பட்டாணி ஏன் உடனே ஒப்புக்கொள்கிறாள்

திருவொற்றியூரில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில், ஞாயிற்றுக்கிழமை மதியம், முப்பது பெரியவர்கள் உட்கார்ந்து ஒரு சின்னப் பெண்ணைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் நிஜப் பெண் அல்ல. செய்தித்தாளின் வார இணைப்பில் நாலு கட்டத்துக்குள் வருகிற படக்கதைப் பெண். பெயர் பட்டாணி. ரெட்டைப் பின்னல், முன்பல் ஒன்று கிடையாது. எங்கே போனாலும் லாரி என்கிற நாய் பின்னாலேயே போகும். முதல் மூன்று கட்டத்தில் எதையாவது உடைப்பாள், கொட்டுவாள், கிழிப்பாள். நாலாவது கட்டத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அம்மா முன் நின்று, "நான்தாம்மா" என்பாள். வாரா வாரம் அதுதான். இருந்தும் வாரா வாரம் படிப்போம். நானும் அந்த வாசகர் குழுவில் ஒருத்தி.

துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் வேலை பார்க்கும் ஒருவர் எழுந்து, "எந்தக் கொயந்தை சார் இப்டி பேசுது? எனக்கும் ரெண்டு பொண்ணுங்க கீது. ஒரு நாள் இப்டி டயலாக் விட்டதில்ல" என்றார்.

பின் வரிசையில் இருந்த ஒரு பள்ளிக்கூட டீச்சர், "அதுங்க உங்க கைல பேசினாத்தான சார் தெரியும்" என்றார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

அப்போது யாரோ என்னைக் காட்டி, "இந்தம்மா முப்பது வருசம் கொயந்தைங்க வார்டுல நர்ஸா இருந்தவங்க. அவங்களையே கேட்டுடலாம்" என்றார்கள். எழுந்தேன். "பாதி உண்மை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். மரியாதைக்குக் கைதட்டினார்கள். பஸ்ஸில் திரும்பும்போதுதான் சொல்லவேண்டியது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. அதை இங்கே எழுதுகிறேன்.

நான் வியாசர்பாடிக்காரி. மூன்று வருட நர்ஸ் பயிற்சியில் ஊசி போடவும், சுருக்கம் விழாமல் படுக்கை விரிக்கவும், டாக்டர்களின் கோழிக்கிறுக்கலைப் படிக்கவும் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு கல்மண்டபத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு சிறிய மருத்துவமனையில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். குழந்தைகள் வார்டில் பதினெட்டுக் கட்டில். அதற்குப் பொறுப்பு பிலோமினா சிஸ்டர்.

ஒல்லியான உடம்பு. நடந்தால் செருப்புச் சத்தம் கேட்காது. யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. திட்டுகிற இடத்தில் ஒரு கேள்வி கேட்பார்: "என்ன பாத்தே?" கேட்டுவிட்டுக் காத்திருப்பார். பதில் வரும்வரை நகரமாட்டார். டாக்டரானாலும் அதே கேள்வி, அதே காத்திருப்பு.

நான் சேர்ந்த முதல் மழைக்காலத்தில், ஒரே சமயத்தில் இரண்டு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒன்று கையில் சூடான டீயைக் கொட்டிக்கொண்டு வார்டே அதிரும்படி கத்தியது. இன்னொன்று சடையங்குப்பத்திலிருந்து வந்தது. வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து, இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தது. "சமத்தா தூங்குதும்மா" என்றாள் அந்த அம்மா. நான் கத்துகிற பிள்ளையிடம் ஓடினேன்.

பிலோமினா சிஸ்டர் என்னைத் தாண்டிப் போய், தூங்குகிற பிள்ளையின் பாதத்தில் புறங்கையை வைத்தார். பிறகு வயிற்றுத் தோலை இரண்டு விரலால் லேசாகக் கிள்ளி விட்டார். கிள்ளிய மடிப்பு மடிப்பாகவே நின்றது; உடம்பில் அவ்வளவு நீர் வற்றியிருந்தது. அடுத்த நிமிடம் அவரே நரம்பு தேடி டிரிப் ஏற்றினார். ஒரு மணி நேரம் கழித்து அந்தக் குழந்தை கண்ணைத் திறந்து அழ ஆரம்பித்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"என்ன பாத்தே, வசந்தா?"

"அழற புள்ளைய பாத்தேன் சிஸ்டர்."

"கேட்டே. பாக்கல."

அன்றிலிருந்து எனக்கு ஒரு நடைமுறை வைத்தார். எந்தக் குழந்தையையும் தொடுவதற்கு முன்னால் கட்டிலின் கால்மாட்டில் நிற்க வேண்டும். மனசுக்குள், மாதாவிடம் சொல்கிற மங்கள வார்த்தை ஜெபத்தை ஒருமுறை சொல்லி முடிக்கிற நேரம் சும்மா பார்க்க வேண்டும். உதட்டின் நிறம், மூச்சு விடும்போது வயிறு ஏறி இறங்குகிற விதம், கண் நம்மைத் தொடர்ந்து வருகிறதா என்பது. அதற்குப் பிறகுதான் தொடலாம். எங்கள் வீட்டில் புத்தர் படம்தான் இருந்தது; எனக்கு ஜெபம் தெரியாது. நேரக்கணக்குக்காகவே அதை மனப்பாடம் செய்தேன். இன்றைக்கும் பால் பொங்குகிறதா என்று அடுப்பருகே நிற்கும்போது அது தானாக வாயில் வருகிறது.

பட்டாணி அழும்போது இரண்டு பக்கமும் குழாய் திறந்த மாதிரிக் கண்ணீர் பீய்ச்சியடிக்கும். அப்படி அழுகிற குழந்தையை நான் வரிசையில் கடைசியில்தான் நிறுத்துவேன். தாங்கிக்கொள்ளும் தெம்பு அதனிடம் இருக்கிறது. அந்த அளவில், பட்டாணி நிஜப் பிள்ளை மாதிரி இல்லை என்று கிளியரிங் ஆபீஸ்காரர் சொன்னது சரி. படக்கதை எங்களுக்கு உதவாது.

ஆனால் பிள்ளைகள் டயலாக் பேசமாட்டார்கள் என்று அவர் சொன்னதை ஒப்புக்கொள்ளமாட்டேன். யூசுப் என்று ஒரு பையன், பத்து வயது. நிறுத்தியிருந்த கன்டெய்னர் டிரெய்லரின் மேலே ஏறி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு மூன்று வாரம் எங்களிடம் இருந்தான். முதல் நாளே எங்கள் இளம் டாக்டரை ஏற இறங்கப் பார்த்து, "டாக்டர், நீங்க பட்ச்சி முட்ச்சிட்டீங்களா, இன்னும் பட்ச்சிகினு கீறீங்களா?" என்று கேட்டான். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்காத மாதிரி இருந்துவிட்டார்.

பட்டாணியை வார்டுக்குள் கொண்டுவந்தது நான்தான். வாரா வாரம் படக்கதையைக் கத்தரித்து, யூசுப்பின் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் அட்டையில் ஒட்டிவைப்பேன். நடக்க முடிந்த பிள்ளைகள் அங்கே வந்து நின்று படிப்பார்கள். நடக்க முடியாதவர்களுக்கு யூசுப் சத்தமாகப் படித்துக் காட்டுவான். பிறகு வழக்கு தொடங்கும். பட்டாணி செய்தது சரியா, அந்த அம்மா நிஜ அம்மா மாதிரி இருக்கிறாளா, நாய்க்கு எல்லாம் புரியுமா. திருவொற்றியூர் மாடியில் பெரியவர்கள் பேசியதை எல்லாம் இந்தப் பிள்ளைகள் மாவுக்கட்டோடும் டிரிப்போடும் எப்போதோ பேசி முடித்துவிட்டார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு நாலைந்து வருடம் முன்பு ஒரு நாள், உச்சிவெயில் நேரம், ஆறு மாத கர்ப்பிணி ஒருத்தி நாலு வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். பெயர் ஸ்டெல்லா. கணவன் விசைப்படகில் கடலுக்குப் போயிருந்தான். வெறுங்காலோடு வந்திருந்தாள். அவள் செருப்பு இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் எட்டு வயது மகள் ஓடி வந்தாள். பையன் ஆல்வின். மகள் ஜெனிஃபர்.

"காத்தால கடையில வடகறி வாங்கிக் குட்தேன் நர்ஸம்மா. அதான் ஒத்துக்கல. நாலு தபா வாந்தி எட்த்துட்டான். வயிறு வலிக்குதுன்னு உருளுறான்."

வாந்தி பழுப்பும் சிவப்புமாக இருந்தது. வடகறியும் அந்த நிறம்தான். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். "மருந்து மாத்திரை ஏதாவது சாப்பிட்டானா?" என்று கேட்கவும் கேட்டார். "இல்ல டாக்டர்" என்றாள் ஸ்டெல்லா. அவளுக்குத் தெரிந்தவரை அது உண்மை. செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்ற மகளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

டிரிப் ஏறியது. சாயங்காலம் நெருங்கும்போது வாந்தி நின்றிருந்தது. ஆல்வின் எழுந்து உட்கார்ந்து, அப்போது மாவுக்கட்டோடு வார்டில் இருந்த யூசுப்பைப் பார்த்துச் சிரித்தான். டாக்டர் நாடி பார்த்துவிட்டு, பாட்டில் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பலாம் என்றார். ஸ்டெல்லா பன் வாங்கக் கீழே போனாள். நான் டிஸ்சார்ஜ் தாள் எடுக்க நகர்ந்தேன்.

அந்த வாரம் பட்டாணி பக்கத்து வீட்டுப் பூந்தொட்டியை உடைத்திருந்தாள். நாலாவது கட்டத்தில் வழக்கம்போல "நான்தாம்மா." அம்மா கட்டிக்கொள்கிறாள். யூசுப் படித்து முடித்ததும், அட்டை முன்னால் நின்றிருந்த ஜெனிஃபர், "சீட்டிங் இது" என்றாள்.

"இன்னா சீட்டிங்?"

"எந்தப் புள்ளையாச்சும் போயி நான்தான்னு சொல்லுமா? லூசா அது?"

"அது நல்ல பொண்ணு. அதான் சொல்லுது."

"நல்ல பொண்ணுன்னா சொல்லவே சொல்லாது! நீ சொல்லுவியா? சொல்லு, நீ சொல்லுவியா?"

அந்த வழக்கை நான் எத்தனையோ பிள்ளைகள் வாயில் கேட்டிருக்கிறேன். யாரும் இத்தனை கோபமாகப் பேசியதில்லை. குரல் உடைந்துவிட்டது. கையைப் பின்னால் கொண்டுபோய் ஃபிராக்கில் விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். டிஸ்சார்ஜ் தாளை வைத்துவிட்டு, கால்மாட்டில் நிற்கிற மாதிரி அந்தப் பெண்ணின் பின்னால் நின்று பார்த்தேன். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை அவள் கண் தம்பியின் கட்டிலுக்குப் போய்வந்தது. தேய்க்கிற விரல் நுனிகளில் மங்கலான சிவப்பு. கலர் பென்சில் என்றுதான் முதலில் நினைத்தேன்.

பக்கத்தில் போனேன். "சரி, பட்டாணி அம்மாகிட்ட சொல்லமாட்டா. வேற யார்கிட்ட சொல்லுவா?"

யோசித்தாள். "லாரி கைல."

"ஏன்?"

"நாயி யார் கைலயும் போயி சொல்லாது."

"அப்ப என்னையே லாரின்னு வெச்சுக்கோ" என்று தரையில் உட்கார்ந்தேன். ஐம்பத்து மூன்று வயது, வெள்ளை யூனிஃபார்ம், முழங்கால் வலி. யூசுப் சிரிக்க வாயெடுத்தான். என் முகத்தைப் பார்த்தானோ என்னவோ, தலையணையை எடுத்துக் காதில் அழுத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஜெனிஃபர் சந்தேகமாகப் பார்த்தாள். "வால் எங்க?"

"டூட்டியில கழட்டி வெச்சிட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. என் காதருகே குனிந்தாள். "டாக்டர் வெள்ளாட்டு வெள்ளாண்டோம். நான்தான் டாக்டரு. அம்மா மாத்திர மிட்டாய் மாறி செவப்பா கீதுல்ல, அத்த குட்தேன். அவனுக்குப் புட்ச்சிப்போச்சி. இன்னும் இன்னும்னு கேட்டான். அட்டை காலி." மூச்சு என் காதில் சுட்டது. "அம்மா கைல சொல்லாத."

"சொல்லமாட்டேன்" என்றேன். வாயிலிருந்து வரும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும்.

கர்ப்பிணிகளுக்குத் தருகிற இரும்புச்சத்து மாத்திரை. நாலு வயதுக் குழந்தை அட்டைக் கணக்கில் தின்றால் விஷம். அதில் மோசமான விஷயம் ஒன்று உண்டு. முதலில் வாந்தி, வயிற்றுவலி. பிறகு சில மணி நேரம் குழந்தை தேறிவிட்ட மாதிரி இருக்கும், சிரிக்கும், விளையாடும். அந்த நேரத்தில் இரும்பு ரத்தத்தில் ஏறி உள்ளே வேலையைக் காட்டிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில்தான் ஆல்வினை வீட்டுக்கு அனுப்ப இருந்தோம்.

வராந்தாவில் பிலோமினா சிஸ்டரைப் பிடித்தேன். "என்ன பாத்தே?" என்றார். சொன்னேன். நிச்சயமாகத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. நேராக டாக்டர் அறைக்குப் போனார். கேட்டதும் டாக்டர் ஆல்வினுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எக்ஸ்ரேயில் வயிற்றுக்குள் கரையாத மாத்திரைகள் மூன்று வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தன. பெரிய டாக்டருக்கு போன் போட்டார்கள். ரத்தத்தில் கலந்த இரும்பைப் பிடித்துச் சிறுநீரோடு வெளியேற்றுகிற ஊசி மருந்து ஒன்று உண்டு. எங்களிடம் இருப்பு இல்லை. வார்டு உதவியாளர் ஸ்கூட்டரில் பாரிமுனைப் பக்கத்து மொத்த மருந்துக் கடைக்குப் பறந்தார்.

ஸ்டெல்லா பன் பொட்டலத்தோடு மேலே வந்தாள். எத்தனை மாத்திரை என்று தெரிந்தாக வேண்டும். அட்டையில் எத்தனை இருந்தது என்று டாக்டர் கேட்டார்.

"முழு அட்டை டாக்டர். எனக்கு அத துன்னா கொமட்டும். ஒண்ணுகூடத் துன்னாம அப்டியே வெச்சிட்டேன்..." என்று சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. மகளிடம் திரும்பி, "அடிப்பாவி" என்று கையை ஓங்கினாள். பிலோமினா சிஸ்டர் இடையில் போய் நின்றார். ஓங்கிய கை மெதுவாக இறங்கியது. ஸ்டெல்லா தரையில் உட்கார்ந்து அழுதாள்.

ஜெனிஃபர் அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "நீ லாரி இல்ல" என்றாள்.

பொழுது சாயும் நேரத்தில் ஆல்வினின் கை கால் சில்லிட்டது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. ஆனால் அதற்குள் ஊசி மருந்து ஏற ஆரம்பித்திருந்தது. டாக்டர் கட்டிலை விட்டு நகரவில்லை. காலையில் அவன் சிறுநீர் செங்கல் கரைத்த மாதிரி ரோஸ் நிறத்தில் வந்தது. அந்த நிறத்தைப் பார்க்கத்தான் நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். அதற்கு மறுநாள் மத்தியானம் டிரிப் ஊசியைச் சரிசெய்யப் போன என்னை எட்டி உதைத்து, வடகறி வேண்டும் என்று கத்தி அழுதான். அவ்வளவு நல்ல உதையை நான் வாங்கியதே இல்லை.

அந்த இரண்டு நாளும் ஜெனிஃபர் என்னிடம் பேசவில்லை. பிஸ்கட் கொடுத்தேன், வாங்கவில்லை. மன்னிச்சுக்கோ என்றேன். படக்கதை அட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பட்டாணி நாலாவது கட்டத்தில் ஏன் சட்டென்று ஒப்புக்கொள்கிறாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கட்டிக்கொள்கிற அம்மாவை ஓவியர் ஏற்கெனவே வரைந்து வைத்திருக்கிறார். இந்தப் பெண்ணுக்கு அடுத்த கட்டத்தில் அடி இருக்கிறதா, தம்பி இருக்கிறானா இல்லையா என்று தெரியாது. தெரியாமலேதான் வாயைத் திறந்தாள். அதற்குப் பதிலாக நான் செய்தது துரோகம். செய்தே ஆகவேண்டிய துரோகம். இரண்டையும் சேர்த்துத்தான் சுமக்கிறேன்.

முதல் நாள் மாலையே பிலோமினா சிஸ்டர் ஆல்வினின் கேஸ் தாளைச் சரிபார்த்திருந்தார். அதில் 'தகவல் தந்தவர்' என்று ஒரு வரி உண்டு. குழந்தைக்கு என்ன நடந்தது என்று நமக்குச் சொன்னவர் பெயரை அதில் எழுத வேண்டும். பழக்கத்தில் 'தாய்' என்று எழுதியிருந்தேன்.

"அம்மாவா சொன்னா?" என்றார் சிஸ்டர். ஒரே கோடு போட்டு அடித்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டு, மேலே அந்தப் பெண்ணின் பெயரையும் வயதையும் எழுதச் சொன்னார். கேஸ் தாளில் திருத்தினால் அதுதான் முறை. அடித்தது தெரிய வேண்டும், அடித்தவர் யார் என்றும் தெரிய வேண்டும். எட்டு வயதுப் பிள்ளையின் பெயரை அந்த வரியில் நான் எழுதியது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்குப் போகிற நாள். ஸ்டெல்லா துணிமணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஜெனிஃபர் தானாகவே பிலோமினா சிஸ்டரின் மேஜைக்கு வந்து நின்றாள்.

"என்னப் பத்தி இன்னா எய்திக்கிறீங்க?"

சிஸ்டர் தாளைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தி, அந்த வரியில் விரலை வைத்தார். "உன் பேரு."

"இன்னாத்துக்கு?"

"யாரு சொல்லி எங்களுக்குத் தெரிஞ்சுதோ, அவுங்க பேரை இங்க எழுதணும்."

"குட்த்தது யாருன்னு எங்க எய்திக்கிறீங்க?"

"அதுக்கு இந்தத் தாள்ல இடம் இல்ல."

அவள் நம்பாமல் தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். மூன்றாவது படிக்கிற பிள்ளை. என் இங்கிலீஷ் கையெழுத்தில் அவளுக்குத் தெரிந்தது தன் பெயர் ஒன்றுதான். அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். நெற்றி சுருங்கியது.

"என் பேர்ல ரெண்டு N கீது. இதுல ஒண்ணுதான் கீது."

பிலோமினா சிஸ்டர் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். என் பேனாவைக் கொடுத்தேன். அதை வாங்கி அவளிடம் கொடுத்து, "ஒரே கோடு போட்டு அடி. மேல சரியா எழுது. பக்கத்துல கையெழுத்து போடு" என்றார்.

ஜெனிஃபர் நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு கோடு போட்டாள். மேலே இரண்டு N எழுத்தும் வைத்துப் பெயரை எழுதினாள். பக்கத்தில் அதே பெயரை, கையெழுத்தாக, இன்னும் கொஞ்சம் பெரிதாக எழுதினாள். முடித்ததும் பேனாவை சிஸ்டரிடம் கொடுக்கவில்லை. மேஜையில் மூடியைத் தேடி எடுத்து, இறுக மூடி, எக்கி நின்று என் யூனிஃபார்ம் பையில் அவளே செருகினாள்.